ஐரிஷ் கொல்லரே, ஷையனில் கடை போடுங்கள்: 1867-க்கு ஒரு வழிகாட்டி

ஆண்டு 1867 என்று வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தின் தெற்கே, கார்க் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நீங்கள் கொல்லர். வயது இருபத்தைந்து. ஏழு வருடம் ஒருவரிடம் துருத்தி இழுத்து, சம்மட்டி அடித்துத் தொழில் கற்றுக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் உலை பாதி நாள் அணைந்துதான் கிடக்கிறது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் உழுத துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்து நிலப்பிரபுக்கள் மேய்ச்சலுக்கு விட்டுவிட்டார்கள். மேய்கிற மாட்டுக்குக் கலப்பைக் கொழு எதற்கு? கொழு வேண்டாத ஊரில் கொல்லருக்கு என்ன வேலை?

போதாக்குறைக்கு, இந்த மார்ச் மாதம்தான் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஃபீனியன் கிளர்ச்சி நடந்து தோற்றது. ஈட்டிமுனை அடித்துக் கொடுத்தது யார் என்று கேள்வி வந்தால் போலீஸ்காரர் முதலில் எட்டிப்பார்ப்பது கொல்லர் வீட்டைத்தான். சரி, அமெரிக்காவின் மேற்கே ரயில் பாதையில் முளைத்திருக்கும் ஷையன் என்ற ஊருக்குக் கிளம்பிவிடலாம்.

இன்று யாரும் அப்படிப் போகப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அமெரிக்க எல்லைப்புறத்தில் ஓர் ஐரிஷ் கைத்தொழிலாளி எப்படிப் பிழைத்தார் என்பது புரிய வேண்டுமென்றால், போகிற ஆள் நாமே என்று நினைத்து ஒவ்வொரு வேலையாகச் செய்து பார்ப்பதுதான் நல்ல வழி. துப்பாக்கிச் சண்டைக் கதைகளை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். நமக்கு அதைவிட முக்கியம் வண்டிச் சக்கரம்.

முதல் வேலை: டிக்கெட்டும் மூட்டையும்

பலருக்கு டிக்கெட் அமெரிக்காவிலிருந்தே வரும். முன்னால் போய் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ வீட்டு வேலை செய்யும் அக்கா, அங்கேயே பணம் கட்டிச் சீட்டை அனுப்பிவைப்பார். அப்படி ஓர் அக்கா இல்லையென்றால் காசு சேர்க்க வேண்டியதுதான். ஏறுவது குயின்ஸ்டவுனில் (இன்றைய கோவ்). பாய்மரக் கப்பல் மலிவு, ஆனால் ஐந்தாறு வாரம் ஆகும். நீராவிக் கப்பல் இரண்டு வாரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரு மாதக் கூலியையும், கப்பலின் அடித்தளத்தில் பரவும் காய்ச்சலையும் கணக்கில் சேர்த்தால் நீராவிக் கப்பல்தான் லாபம். படுக்க வைக்கோல் மெத்தை, சாப்பிடத் தகரத் தட்டு, குவளை எல்லாம் உங்கள் பொறுப்பு.

மூட்டையில் என்ன வைப்பது? இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லைத் தூக்கிக்கொண்டு போக நினைக்காதீர்கள். எழுபது கிலோ இரும்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் செலவில் அங்கேயே ஒன்று வாங்கிவிடலாம். ஷெஃபீல்டில் செய்த மவுஸ்ஹோல் அடைகற்கள் அமெரிக்கச் சந்தையிலேயே கிடைக்கின்றன. சுத்தியல் தலைகள் (காம்பு அங்கே போட்டுக்கொள்ளலாம்), கைக்குப் பழகிய இரண்டு குறடு, அரம், குளம்பு சீவும் கத்தி, தோல் ஏப்ரன், இவ்வளவு போதும்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு வீட்டில் கூட்டம் கூடும். பாட்டும் ஆட்டமும் நடக்கும், விடியும்போது ஒப்பாரியாக முடியும். அதற்கு ‘அமெரிக்க வேக்’ என்று பெயர். வேக் என்பது பிணத்தருகே இரவு விழித்திருக்கும் சடங்கு. போகிறவர் திரும்ப மாட்டார் என்று ஊருக்குத் தெரியும். அந்த இரவில் அதிகம் குடிக்காதீர்கள், காலையில் அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: கேஸில் கார்டனை விட்டு வெளியே வரும்போது கவனம்

எல்லிஸ் தீவு என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள், அது திறக்க இன்னும் 25 வருடம் இருக்கிறது. இப்போது குடியேறிகள் இறங்குவது கேஸில் கார்டன். முன்பு கோட்டை, அப்புறம் பாட்டுக் கச்சேரி அரங்கம், 1855 முதல் நியூயார்க் மாநிலம் நடத்தும் குடியேறிகள் நிலையம். பெயரைப் பதிந்துகொள்வது, பணம் மாற்றுவது, ரயில் டிக்கெட், மூட்டைக்கு எண் வில்லை எல்லாம் உள்ளேயே முடியும். முடித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் வெளியே ‘ரன்னர்கள்’ நிற்பார்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே, ஐரிஷ் மொழியிலேயே, “தம்பி, நீ எந்தத் தேவாலயப் பங்கு?” என்று தோளில் கை போடுவார்கள். அந்தக் கை உங்களை விடுதி ஒன்றுக்குக் கூட்டிப்போகும். மூட்டை அங்கே அடமானமாகும், பொய் டிக்கெட் கையில் வரும். சொந்த ஊர்க்காரன் ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கையில் ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

பணம் மாற்றும்போது ஒன்று கவனிக்க வேண்டும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அச்சடித்த பச்சை நோட்டும் தங்க டாலரும் ஒரே மதிப்பு இல்லை. நூறு தங்க டாலருக்கு 130, 140 நோட்டு டாலர் வரை கிடைக்கும். பவுன் நாணயத்தை எந்த டாலரில் மாற்றுகிறார்கள் என்று கேட்காமல் நீட்டாதீர்கள்.

இதோடு நியூயார்க்கிலேயே நின்றுவிடலாமே என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலான ஐரிஷ்காரர்கள் நின்றுவிட்டார்கள். மேற்கே போனவர்கள் சிறு பங்குதான். கையில் தொழில் இல்லாதவருக்கு நகரத்துச் சுமை வேலைதான் கிடைத்தது, ரயில் கட்டணத்துக்கு மீதமும் இல்லை. நீங்கள் அந்த நிலையில் இல்லை. ஆனால் உடனே மேற்கே ஓடவும் வேண்டாம். ஹட்சன் ஆற்றுக்கு மேலே டிராய் நகரத்தில் குளிர்காலம் முடியும்வரை வேலை பாருங்கள். காசு சேரும். அதோடு உங்கள் எதிரியையும் பார்த்துவிடலாம். அங்கே ஹென்ரி பர்டன் என்பவரின் ஆலையில் அறுபது அடி நீர்ச்சக்கரம் சுழல்கிறது, அவருடைய இயந்திரம் நிமிடத்துக்கு அறுபது லாடம் வளைத்துத் தள்ளுகிறது. நீங்கள் அரை நாளில் அடிக்கிற லாடம் அங்கே ஒரு நிமிட வேலை.

பார்த்து மனம் உடைய வேண்டாம். அந்த லாடங்கள் பீப்பாயில் அடைபட்டு மேற்கே உங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் குதிரையின் குளம்பைப் பார்த்து, காய்ச்சி, வளைத்து, பொருத்தி, ஆணி சதையில் ஏறாமல் அடிக்க இயந்திரம் இல்லை. இனி நீங்கள் லாடம் செய்கிறவர் இல்லை, லாடம் கட்டுகிறவர். இந்த வித்தியாசம் புரியாமல் போனவர்கள் பழைய விலையைக் கேட்டுக் கோபப்பட்டே காலம் தள்ளினார்கள்.

மூன்றாவது: எந்த ஊர்?

1868 வசந்தத்தில் கிளம்புங்கள். சிகாகோ வழியாகக் கவுன்சில் பிளஃப்ஸ் வரை ரயில். அங்கே மிசூரி ஆற்றைப் படகில் கடக்க வேண்டும், பாலம் 1872-இல்தான் வரும். அக்கரையில் ஒமாஹா, அங்கிருந்து மேற்கே போட்டுக்கொண்டே போகிற யூனியன் பசிபிக் ரயில் பாதை. 516 மைல் தள்ளி, கடல்மட்டத்துக்கு ஆறாயிரம் அடி மேலே, ஷையன். போன வருடம் ஜூலையில் வெறும் புல்வெளியில் அளவுக்கயிறு பிடித்தார்கள், நவம்பரில் தண்டவாளம் வந்தது. ரயில் கம்பெனி 150 டாலருக்கு விற்ற மனை சீக்கிரமே ஆயிரத்தைத் தொட்டது.

நீங்கள் இறங்கும்போது ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். கூடாரம், மதுக்கடை, சூதாட்ட மேஜை எல்லாம் ரயில் பெட்டியில் ஏறுகின்றன. தண்டவாள முனை லாரமிக்கு நகர்கிறது, வியாபாரமும் கூடவே நகர்கிறது. “இங்கே என்ன இருக்கிறது, வாருங்கள்” என்பார்கள். போகாதீர்கள். அந்தக் கோடையில் இன்னும் மேற்கே பென்டன் என்று ஓர் ஊர் முளைக்கும். மூவாயிரம் பேர். சொட்டுத் தண்ணீர் கிடையாது. மூன்று மைல் தள்ளி ஆற்றிலிருந்து கொண்டுவந்து பீப்பாய் ஒரு டாலருக்கு விற்பார்கள். மூன்றே மாதம். பிறகு கல்லறைகளைத் தவிர அங்கே எதுவும் மிஞ்சாது. துருத்தியைச் சுவரில் பதித்து, அடைகல்லுக்கு மரமுட்டு நட்டு, கரி சேர்த்து உலையைச் சரிசெய்யவே ஒரு மாதம் பிடிக்கும் தொழில் நம்முடையது. சீட்டுக் கட்டை மடித்துப் பையில் போடுகிறவனோடு நாம் ஓட முடியாது.

ஷையனில் நிற்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊருக்குப் பக்கத்திலேயே ரஸ்ஸல் கோட்டையும், அதை ஒட்டி கேம்ப் கார்லின் என்ற ராணுவக் கிடங்கும் இருக்கின்றன. சுற்றியுள்ள பல கோட்டைகளுக்கு இங்கிருந்துதான் வண்டியில் சாமான் போகிறது. அவ்வளவு வண்டி, அவ்வளவு கோவேறு கழுதை, அத்தனைக்கும் லாடம். ரயில் முனை எங்கே போனாலும் ராணுவம் சீக்கிரத்தில் நகராது.

அப்படியென்றால் ராணுவத்திலேயே சேர்ந்துவிடலாமா? வெளிநாட்டில் பிறந்த சிப்பாய்களில் ஐரிஷ்காரர்கள்தான் அதிகம், குதிரைப்படைக் கம்பெனி ஒவ்வொன்றிலும் கொல்லருக்கு இடம் உண்டு. ஒரு சலுகையும் இருக்கிறது: நல்லபடியாக விடுவிக்கப்பட்ட சிப்பாய், ஒரு வருடம் நாட்டில் வசித்திருந்தாலே குடியுரிமை கேட்கலாம். ஆனால் குதிரைப்படைக்கு ஐந்து வருடக் கையெழுத்து, மாதம் 16 டாலர். அதே கிடங்கில் சிவிலியன் கொல்லராகச் சேர்ந்தால் சம்பளம் அதைவிட மிக அதிகம், பிடிக்கவில்லையென்றால் விலகலாம். என்னைக் கேட்டால், கிடங்கில் ஒரு வருடம். அந்தக் காசில் அடைகல், துருத்தி, மனை.

நான்காவது: சக்கரம்தான் சோறு போடும்

கடை போட்டாயிற்று. வாசலில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் குதிரையாக இருக்காது, ஆடுகிற சக்கரமாக இருக்கும்.

மிசூரிக் கரையின் ஈரக்காற்றில் செய்த வண்டி அது. மேட்டு நிலத்தின் வறண்ட காற்று பட்டதும் மரம் சுருங்கும். வட்டை (சக்கரத்தின் மர விளிம்பு) சுருங்கினால் மேலே போட்ட இரும்புப் பட்டா லொடலொடக்கும், ஆரக்கால் நடுக் குடத்தில் ஆடும். வண்டிக்காரர்கள் வழியில் ஆப்பு வைத்துப் பார்ப்பார்கள், ராத்திரி சக்கரத்தைக் கழற்றி ஆற்றில் ஊறப்போடுவார்கள். ஊறினால் ஒரு நாள் தாங்கும். உங்களிடம் வரும்போது பட்டா பாதி கழன்றிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பட்டாவைக் கழற்றுங்கள். கைப்பிடி வைத்த சிறு அளவுச் சக்கரத்தை வட்டையின் வெளிவிளிம்பில் ஓட்டி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள், அப்புறம் பட்டாவின் உள்விளிம்பில். வித்தியாசம் தெரியும். பட்டாவை வெட்டி, வட்டையைவிடச் சற்றுக் குறைவான சுற்றளவுக்கு முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, வெண்காரம் தூவி, பொறி பறக்கும் சூட்டில் அடித்து ஒட்டுங்கள். வெண்காரம் தீர்ந்துபோனால் சுத்தமான மணல். எல்லைப்புறத்தில் அதுதான் வழக்கம். பிறகு பட்டாவைத் தரையில் கிடத்திச் சுற்றிலும் தீ மூட்டுங்கள். சூட்டில் விரியும். மூன்று பேர் குறடால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, தட்டி உட்கார வைத்து, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். புகையும் ஆவியுமாக மரம் கிறீச்சிட்டு இறுகும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. அதிகம் குறைத்தால் ஆரக்கால் வளைந்துவிடும். குறைவாகக் குறைத்தால் வண்டிக்காரர் இருபது மைல் தள்ளி நின்று உங்கள் பரம்பரையையே திட்டுவார்.

அடுத்தது காளைகள். டென்வருக்கும் லாரமிக் கோட்டைக்கும் சரக்கு இழுப்பவை அவைதான். குதிரையைப் போல மாடு மூன்று காலில் நின்று கொடுக்காது. வயிற்றுக்கடியில் பட்டை கொடுத்துத் தூக்கும் மரச்சட்டம் ஒன்று வாசலில் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் காலைக் கட்டிக் கீழே சாய்த்துத்தான் லாடம் அடிக்க முடியும். பிளந்த குளம்பு என்பதால் ஒரு காலுக்கு இரண்டு துண்டு, ஒரு மாட்டுக்கு எட்டு. ஒரு சரக்கு அணியில் எத்தனை ஜோடி மாடு என்று எண்ணிப் பார்த்தால், குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து மாட்டு லாடம் அடித்து வைக்கச் சொல்வது ஏன் என்று புரியும்.

கரிக்குத்தான் கஷ்டம். சுற்றிலும் புல்தான், மரம் கிடையாது. மலையில் பைன் மரம் எரித்துக் கரி விற்பவர்கள் இருக்கிறார்கள். மேற்கே கார்பன் என்ற இடத்தில் 1868-இல் நிலக்கரிச் சுரங்கம் திறக்கிறது, ரயிலில் வரும். குளிருக்கு முன்பே வாங்கிக் குவித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: யாருக்குக் கடன் தரலாம்

எல்லைப்புறத்தில் கெட்டுப்போன கடைகள் பலவும் வேலை இல்லாமல் கெடவில்லை, கணக்கு நோட்டால் கெட்டவை. சிப்பாய்க்குச் சம்பளம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் சம்பள அதிகாரி வந்து சேர்ந்தால். ரயில் கம்பெனியின் சம்பளப் பெட்டியும் சொன்ன நாளில் வராது. ஆகவே கடன் கொடுக்காமல் தொழில் நடக்காது. ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நகர்கிறவர்களிடம் ரொக்கம், ஊரில் வீடு இருப்பவருக்கு மட்டும் கணக்கு நோட்டில் கடன். கிழக்கே பார்த்து நிற்கும் வண்டியோ மேற்கே பார்த்து நிற்கும் வண்டியோ, காசு எண்ணிய பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். உள்ளூர்க்காரர் உருளைக்கிழங்கு, மாட்டிறைச்சி, விறகு என்று கொண்டுவந்தால் மறுக்காதீர்கள், விலையை மட்டும் அன்றே எழுதிவிடுங்கள்.

இதற்கிடையே யாராவது ஒருவர், மேற்கே சவுத் பாஸ் என்ற இடத்தில் தங்கம் என்று ஓடிவருவார். 1867-இல் தொடங்கிய பரபரப்பு அது. உடனே உதாரணமும் காட்டுவார்: டப்ளினில் பிறந்த ஜான் மக்கே, நியூயார்க்கில் கப்பல் தச்சு பழகியவர், நெவாடா வெள்ளிச் சுரங்கத்தில் நாலு டாலர் நாள்கூலிக்கு மரச்சட்டம் அடித்தவர், இப்போது சுரங்க முதலாளி. உண்மைதான், 1873-இல் அவர் உலகப் பணக்காரர்களில் ஒருவராகவே ஆகப்போகிறார். ஆனால் நான் காட்ட விரும்பும் ஆள் வேறு. ஜான் ஸ்டூடபேக்கர், ஐரிஷ்காரர் இல்லை. கலிஃபோர்னியாவுக்குத் தங்கத்துக்காகப் போனவர், பிளேசர்வில்லில் சுரங்கக்காரர்களுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுத்தார். ஐந்து வருடத்தில் எட்டாயிரம் டாலரோடு ஊர் திரும்பி அண்ணன்மாரின் வண்டிப் பட்டறையில் போட்டார். உங்கள் வாசலில் நிற்கும் சக்கரங்களில் சில அவர்கள் செய்தவை. சவுத் பாஸோ, சில வருடங்களில் வெறிச்சோடிப்போகும்.

ஆறாவது: காகிதமும் நிலமும்

வந்த வருடமே ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் ‘முதல் காகிதம்’ எழுதிக்கொடுத்துவிடுங்கள். குடியுரிமை பெறும் எண்ண அறிவிப்பு அது. முழுக் குடியுரிமைக்கு ஐந்து வருடம் ஆகும். பிரிட்டன் ராணிக்குக் காட்டும் விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று அதில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காகவே எத்தனை கட்டணமும் தரலாம் என்று நினைக்காத கார்க் மாவட்டத்துக்காரர் இருப்பாரா?

அந்தக் காகிதம் கையில் இருந்தால் 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலம் கேட்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் குடியிருந்து பயிர்செய்ய வேண்டும். ரயில் பாதைக்கு அருகே, கம்பெனிக்கு மானியம் தந்த பட்டைக்குள் என்றால் 80 ஏக்கர்தான். கார்க்கில் அரை ஏக்கருக்கு வாடகை கட்டித் துரத்தப்பட்ட குடும்பத்துக்கு இது மயக்கமான எண். ஆனால் ஷையனைச் சுற்றி மழை போதாது, 160 ஏக்கர் ஒரு குடும்பத்தைத் தாங்காது. நிலம்தான் ஆசை என்றால் கிழக்கு நெப்ராஸ்காவுக்குத் திரும்பிப் போங்கள். உலைதான் வேண்டும் என்றால் ஊருக்குள் ஒரு மனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த நிலம் யாருடையது என்பதை வழிகாட்டிகள் பெரும்பாலும் எழுதுவதில்லை. 1847-இல், பஞ்சத்தில் அயர்லாந்து செத்துக்கொண்டிருந்தபோது, தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டுச் சுமார் பதினைந்து வருடமே ஆன சோக்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். 1868-இல் லாரமிக் கோட்டையில் லக்கோட்டா என்ற இன்னொரு பழங்குடி மக்களோடு உடன்படிக்கை கையெழுத்தாகிறது: பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதி அவர்களுக்கே. 1874-இல் அங்கே தங்கம் தெரிகிறது. 1876-இல் ஷையனிலிருந்து பிளாக் ஹில்ஸுக்குக் கோச்சு வண்டி ஓடுகிறது; தங்கம் தேடுகிறவர்கள் குவிகிறார்கள். உங்கள் பட்டறை அந்த வருடம் ராத்திரியிலும் அணையாது. கணக்கு நோட்டில் அதுவரை வராத லாபம். நிலத்தைவிட்டு எழுப்பப்பட்டவரின் மகன், இன்னொருவரை எழுப்பப் போகும் வண்டிக்குப் பட்டா போடுகிறார். அதைக் கவனித்து வருந்திய கொல்லர்களும் இருந்திருப்பார்கள், கவனிக்காதவர்கள் அதிகம் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக: கடிதம்

கல்யாணத்துக்குப் பெண் இங்கே கிடைப்பது கடினம். கிழக்கு நகரங்களில் ஐரிஷ்ப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவே இருக்கிறார்கள். அக்காவுக்கு எழுதுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். வீட்டுக்குப் பணம் அனுப்ப, நியூயார்க்கில் ஐரிஷ் எமிக்ரன்ட் சொசைட்டி தரும் வரைவோலை நம்பகமானது.

முகவரியில் கவனம். 1868 ஜூலை 25-க்கு முன்பு எழுதினால் ‘ஷையன், டகோட்டா பிரதேசம்’. அதற்குப் பிறகு ‘வயோமிங் பிரதேசம்’. நீங்கள் நகரவே இல்லை, ஊரின் பெயர்ப்பலகைதான் மாறியது. ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. பதில் வரவில்லையென்றால் அவர் பங்குத் தந்தையிடம் போவார், தந்தை பாஸ்டனுக்கு எழுதுவார். அங்கே ‘பைலட்’ பத்திரிகையில் 1831 முதல் ‘காணாமற்போன நண்பர்கள்’ என்று விளம்பரங்கள் வருகின்றன: பெயர், மாவட்டம், பங்கு, குக்கிராமம், கிளம்பிய வருடம், தொழில், கடைசியாகக் கேள்விப்பட்ட இடம். அதில் உங்கள் பெயர் வராமலிருக்க வருடத்துக்கு இரண்டு கடிதம் போதும். ஒன்று கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேர வேண்டும், உள்ளே பணத்தோடு.